பண்ணை விபத்துகள்: காரணத்தைக் கண்டறிவது எப்படி, தடுப்பது எப்படி?

பட்டாபிராம், திருநின்றவூர், செவ்வாப்பேட்டை பகுதிகளில் பல குடும்பங்களில் ஒருவர் வயலிலும் இன்னொருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வேலை செய்கிறார்கள். தொழிற்சாலையில் ஒருவருக்கு விரலில் அடிபட்டாலும் பதிவேட்டில் எழுதி, காரணம் விசாரித்து, மறுபடி நடக்காமல் இருக்க வழி செய்ய வேண்டும். சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கட்டாயமாக்கியது. அதே விரல் களத்துமேட்டில் போனால், "நேரம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே இயந்திரத்தை அப்படியே ஓட்டுகிறோம். அடுத்த விபத்துக்கு வழி வைப்பது இந்தப் பழக்கம்தான்.

ஐந்து முறை 'ஏன்' கேளுங்கள்

விபத்துக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. 'கவனக்குறைவு' என்று முடித்துவிட்டால் எதையும் திருத்த முடியாது. தொழிற்சாலைகளில் பயன்படும் எளிய முறை, 'ஏன்' என்று அடுத்தடுத்து கேட்பது. ஓர் எடுத்துக்காட்டாக, டிராக்டரில் இணைத்த நிலக்கடலை பறிக்கும் இயந்திரத்தில் ஒருவர் கை சிக்கியது என்று வைத்துக்கொள்வோம்.

1. கை ஏன் சிக்கியது? சட்டைக் கை, சுழலும் பி.டி.ஓ. தண்டில் சுற்றிக்கொண்டது.
2. துணி ஏன் தண்டைத் தொட்டது? தண்டின் மேல் மூடி இல்லை. கிரீஸ் வைக்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை.
3. அவர் ஏன் அவ்வளவு அருகில் போனார்? அடைத்துக்கொண்ட கொடியை இழுத்து எடுக்க.
4. எஞ்சினை ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால் நேரம் வீணாகும்.
5. நேரத்துக்கு ஏன் அவ்வளவு அவசரம்? இயந்திரம் மணிக்கணக்கு வாடகையில் வந்தது.

முதல் கேள்வியோடு நின்றிருந்தால் "தளர்ந்த சட்டை போடாதே" என்ற அறிவுரை மட்டுமே மிஞ்சியிருக்கும். ஐந்தாவது கேள்வி வரை போனதால் இரண்டு உறுதியான தீர்வுகள் கிடைக்கின்றன. மூடி இல்லாத இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கக் கூடாது. அடைப்பு எடுக்க நிறுத்தும் நேரத்துக்கு வாடகை இல்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றும். துணி சிக்கியதை உணர்ந்து கையை இழுப்பதற்குள் பல சுற்றுகள் முடிந்துவிடும். எனவே இங்கே சாமர்த்தியம் உதவாது, மூடிதான் உதவும். கதிரடிக்கும் இயந்திரங்களில் கை, கால் இழப்பது நாடு முழுவதும் அதிகமானதால்தான் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் கொண்டுவரப்பட்டது.

2017 தந்த பாடம்

மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த விவசாயிகளும் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டப் பருத்தி வயல்களிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன.

யவத்மாலில் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்ததால் மருந்துப் புகை முகத்துக்கு நேராக வந்தது. பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்தார்கள். முகக்கவசமோ கையுறையோ இல்லை. இவற்றில் ஒன்றிரண்டு தவிர்க்கப்பட்டிருந்தாலும் பல உயிர்கள் தப்பியிருக்கும்.

பூச்சிமருந்து தெளிக்கும்போது

* மருந்து டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் அளவு குறையும். பச்சையும் மருந்துதான், பாதுகாப்பு தேவை.
* பரிந்துரை இல்லாமல் இரண்டு மருந்துகளைக் கலக்கக் கூடாது.
* காற்றுக்கு எதிராகத் தெளிக்காமல், காலை அல்லது மாலையில் தெளிக்கவும். உச்சி வெயிலில் தெளிக்கக் கூடாது.
* முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி அணியவும். அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது.
* தெளிக்கும்போது சாப்பிடுவது, வெற்றிலை போடுவது, பீடி பிடிப்பது கூடாது.

டிராக்டர், பவர் டில்லர்

* சேற்று உழவில் டிராக்டர் சிக்கினால், சக்கரத்துக்கு முன்னால் கட்டை கொடுத்து வேகமாக எடுக்காதீர்கள். முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும். பின்னோக்கி எடுத்துப் பாருங்கள், முடியாவிட்டால் வேறு டிராக்டரால் இழுங்கள்.
* வரப்பு, வாய்க்கால் ஓரமாக ஓட்டாதீர்கள். சாலையில் போகும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் இணைத்து வைக்கவும்.
* மட்கார்டில் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, உட்கார வைக்கக் கூடாது.
* புதிய டிராக்டர் வாங்குபவர்கள் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் உள்ளதா என்று கேளுங்கள். சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்ந்து இறப்பது பெருமளவு குறைந்தது.

மின்மோட்டார், கிணறு

* மோட்டார் கொட்டகையில் எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவியும் (30 மில்லி ஆம்பியர்) இருக்க வேண்டும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.
* பன்றிக்காக வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். அதில் சிக்கி மனிதர்களும் இறக்கிறார்கள்.
* நாள்பட்ட கிணற்றில் நச்சு வாயு இருக்கலாம். இறங்கியவர் மயங்கினால் காப்பாற்றப் போகும் அடுத்தவரும் இறக்க நேரிடும். 108-ஐயும் தீயணைப்புத் துறையையும் (101) அழையுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

* மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.
* மருந்து பட்டவரின் உடையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் சரியான முறிவு மருந்து தர முடியும். விழுங்கியிருந்தால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
* துண்டான விரலைச் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வைத்துக் கொண்டுபோங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது.

நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்

நடந்த விபத்தை மட்டுமல்ல, நூலிழையில் தப்பியதையும் எழுதி வையுங்கள். 1931-இல் அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஹென்ரிக், ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் பல சிறு விபத்துகளும், அவற்றைவிடப் பல மடங்கு 'தப்பித்த' சம்பவங்களும் இருக்கும் என்று எழுதினார். அவர் சொன்ன எண்ணிக்கை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனால் முந்தானை பெல்ட்டில் மாட்டிக் கிழிந்த அன்றே பெல்ட்டுக்கு மூடி போட்டால், கை போகும் நாள் வராது.

வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்கள் ஆண்டுக்கு ரூ.20 கட்டிப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம் கிடைக்கும். சிறு, குறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருக்கிறார்களா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளவும். கூலிக்கு வருபவர்களையும் சேர்த்துவிடுங்கள். அதிகம் அடிபடுவது அவர்கள்தான்.

வரும் சொர்ணவாரி அறுவடைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் இயந்திரங்களில் கழற்றி வைத்த மூடிகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள். மேலும் விவரங்களுக்கு திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தையோ அணுகலாம்.