மரபணு சிகிச்சை: ஒரு வரவு செலவுக் கணக்கு

போன மாதம் தென்காசியிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்தான். அவன் மாமனாருக்கு நுரையீரலில் புற்றுநோய். "அண்ணே, உங்க பம்பாய்ல ஜீன் சிகிச்சை வந்திருக்காமே, 40 லட்சமாம். தோப்பை வித்துரலாமான்னு யோசிக்கோம்" என்றான்.

நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் வேலை. ஆனால் பம்பாயில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நினைப்பு. வெளியூரில் இருக்கும் நம் எல்லோருக்கும் இப்படிப்பட்ட போன் வரும். ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போடுவது மரபணுக்கள். அந்த உத்தரவு கெட்டால் புற்றுநோய். சரி, கெட்டதற்குப் பதிலாக நல்ல மரபணுவை உள்ளே அனுப்பினால்? யோசனை சுலபம்தான், கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சிக்கல். செல்லுக்குள் நுழைவதில் வைரஸை மிஞ்ச ஆளில்லை. அதனால் வைரஸின் விஷமத்தை எடுத்துவிட்டு, அதையே தபால்காரனாக்கினார்கள்.

1989-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களின் நோய் எதிர்ப்புச் செல்களில் வெளியிலிருந்து ஒரு மரபணுவைச் சேர்த்தார்கள். குணப்படுத்த அல்ல, அந்தச் செல்கள் உடம்பில் எங்கே போகின்றன என்று பார்க்க ஓர் அடையாளம், அவ்வளவுதான். 1990 செப்டம்பரில் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத 4 வயதுச் சிறுமிக்கு அதே இடத்தில் மரபணு சிகிச்சை நடந்தது. இனி எல்லா நோயும் தீரும் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

பிறகு செலவுப் பக்கம் நிரம்பியது. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், கல்லீரல் என்சைம் குறைபாடு இருந்த ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன், ஊசி போட்ட நான்காம் நாள் இறந்தான். தபால்காரனாகப் போன வைரஸையே அவன் உடம்பு எதிர்த்துக் கொந்தளித்துவிட்டது. அடுத்தது பாரிஸ். அங்கே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை பலித்திருந்தது. ஆனால் 2002-ல் அவர்களில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது, பிறகு வேறு சில குழந்தைகளுக்கும். புது மரபணு போய் உட்கார்ந்த இடம் புற்றுநோயைத் தூண்டும் மரபணுவின் பக்கத்தில்!

2003-ல் சீனா, கட்டிக்குள்ளேயே பி53 என்ற மரபணுவைச் செலுத்தும் ஜெண்டிசின் மருந்தை அனுமதித்தது. இதே வகை அமெரிக்க மருந்துக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. ஒரு கட்டியில் கோடிக்கணக்கான செல்கள். ஊசி எல்லாவற்றையும் எட்டாது, எட்டாதவை மறுபடி வளரும்.

திருப்பம் வேறு யோசனையில் வந்தது. புற்றுச் செல்லைத் திருத்துவதற்குப் பதில், நம் எதிர்ப்புச் சக்தியின் டி-செல்லை வெளியே எடுத்து, எதிரியை அடையாளம் காணும் மரபணுவை ஏற்றி, திரும்ப உள்ளே விடுவது. இதுதான் கார்-டி. 2012-ல் பிலடெல்பியாவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார்கள். மற்ற சிகிச்சைகள் தோற்றுப்போன ரத்தப் புற்றுநோய். கடும் காய்ச்சல், வென்டிலேட்டர், உயிர் ஊசலாட்டம். சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம். அதற்கான ஒரு மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது, அதைக் கொடுக்கச் சொன்னார். எமிலி பிழைத்தாள். 10 வருஷம் கழித்தும் நோய் திரும்பவில்லை. 2017-ல் அமெரிக்கா அனுமதித்தபோது விலை 4,75,000 டாலர்.

நம் ஊர்க்கதைக்கு வருவோம். ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 மருந்துக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. தம்பி சொன்ன 40 லட்சம் இதுதான். 2025-ல் வெளியான ஆய்வு முடிவின்படி நாலில் ஏறத்தாழ மூன்று பேருக்கு நோய் பின்வாங்கியது. பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் இது பி-செல் வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும். அந்தச் செல்களின் மேல் சிடி19 என்ற அடையாளம் உண்டு. நல்ல பி-செல்களும் சேர்ந்து அழியும், அவை இல்லாமலும் ஆளைக் காப்பாற்றலாம். நுரையீரல் கட்டியில் இருக்கும் அடையாளங்கள் நல்ல உறுப்புகளிலும் இருக்கும், அவற்றை அழித்துவிட்டு ஆள் பிழைக்க முடியாது. போதாததற்குக் கட்டி தன்னைச் சுற்றி வேலி போட்டு டி-செல்லைச் சோர வைக்கும். 2024-ல் சினோவியல் சர்கோமா என்ற அரிய கட்டிக்கு மரபணு மாற்றிய டி-செல் சிகிச்சையை அமெரிக்கா அனுமதித்தது, கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அதே வருஷம்தான் கார்-டி எடுத்தவர்களில் அரிதாகப் புதுப் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையும் மருந்துப் பெட்டியில் ஏறியது.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "தோப்பை விக்காதே. அது மாமாவுக்கு வந்த நோய்க்கான மருந்து இல்லை. கட்டியில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு டெஸ்ட் எடுத்தாச்சான்னு டாக்டர்கிட்ட கேளு. மாற்றம் இருந்தா அதுக்கு மாத்திரையே இருக்கு." கொஞ்ச நேரம் அவனிடமிருந்து பேச்சே இல்லை. அப்புறம், "அப்போ பம்பாய்க்கு வர வேண்டாமாண்ணே?" என்றான்.

வேண்டாம் என்று சொல்வது லோன் இல்லை என்று சொல்வதை விடக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு போன் வந்தால், எவ்வளவு செலவு என்பதற்கு முன் எந்தப் புற்றுநோய் என்று கேளுங்கள்.

டெஸ்ட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.