'எடிட்' என்ற சொல்லும் ஒரு நிரலாளரின் பிடிவாதமும்

1990களின் நடுப்பகுதியில் நான் பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரியபீடத்துக்குக் கணினிகள் வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஓர் இரவு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடன் தொலைபேசியில் உரையாடியவாறே அவர் கூறியவற்றை நேரடியாகக் கணினியில் பதிந்தேன். தாளில் ஒரு குறிப்பும் எடுக்கவில்லை. பின்னர், கட்டுரையின் நடுவே மூன்று வரி விளக்கம் சேர்க்க விரும்பி, விசைப்பலகையைப் பார்த்தபடி தட்டி முடித்துத் தலை நிமிர்ந்தேன். அவர் கூறியவற்றில் மூன்று வரிகளைக் காணவில்லை.

'இன்சேர்ட்' என்ற விசையில் எப்போதோ என் விரல் பட்டிருக்கிறது. அதன் பின்னர் கணினி புதிய எழுத்துகளை இடையில் சேர்க்காமல், இருந்தவற்றை அழித்து அவற்றின் மேல் எழுதத் தொடங்கியிருக்கிறது. மீட்கும் வழி எனக்குத் தெரியவில்லை. "தம்பி, திரையைப் பார்த்துத் தட்டவேணும்" என்றார் மூத்த உதவி ஆசிரியர். தவறு என்னுடையதே என்று நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கை பிழையானது என்பதை, லாரி டெஸ்லர் என்ற அமெரிக்க நிரலாளரின் வரலாற்றைப் பல ஆண்டுகளின் பின் வாசித்தபோதுதான் உணர்ந்தேன்.

1945இல் நியூயோர்க்கில் பிறந்த டெஸ்லர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கற்றவர். 1973இல் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். 'ஆல்டோ' எனும் கணினி அங்கு உருவாகியிருந்த காலம் அது. திரையும் சுட்டியும் கொண்ட அக்கணினி, இன்றைய மேசைக் கணினிகளின் முன்னோடி எனலாம். அதற்காக பட்லர் லாம்ப்சன், சார்ல்ஸ் சிமோனி ஆகியோர் 1974இல் 'பிராவோ' என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருளை உருவாக்கினர். அக்காலத்தின் அரிய சாதனை அது. ஆனால், அதற்கு இரு முகங்கள் இருந்தன. ஒரு நிலையில் விசைகள் எழுத்துகளைப் பதியும்; மறு நிலையில் அதே விசைகள் கட்டளைகளாக மாறும். இவ்வாறான நிலையையே கணினி உலகம் 'மோட்' என்கிறது.

இதன் ஆபத்தை விளக்கக் கணினித் துறையினர் அடிக்கடி கூறும் உதாரணம் ஒன்றுண்டு. எழுதும் நிலையில் இருப்பதாக எண்ணிய ஒருவர், 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் தட்டுகிறார். பிராவோவோ கட்டளை நிலையில் இருக்கிறது. முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தெரிவு செய்கிறது. இரண்டாவது எழுத்து அதனை அழிக்கிறது. மூன்றாவது எழுத்து, இனி வருவதைச் சேர்க்குமாறு பணிக்கிறது. நான்காவதான 'டி' மட்டும் திரையில் எஞ்சுகிறது! திருத்துவதைக் குறிக்கும் சொல்லே அனைத்தையும் அழித்துவிட்டது.

பழகிய நிரலாளர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. டெஸ்லரால் இதனைச் சகிக்க இயலவில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்த செயலாளர் ஒருவரை வெற்றுத் திரையின் முன் அமர்த்தி, திருத்தக் குறிகள் இடப்பட்ட தாளொன்றைக் கொடுத்து, "இத்திருத்தங்களை எவ்வாறு செய்வீர்கள்?" என்று வினவினார். கணினியில் ஊறிப் போகாத அவர், திருத்த வேண்டிய இடத்தைச் சுட்டிக் காட்டிவிட்டு நேரே தட்டுவேன் என்ற பொருள்பட விடையளித்தார். இடையில் 'நிலை மாற்றம்' என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை.

அடுத்து நிகழ்ந்தது பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு நெருக்கமானது. ஸெரொக்ஸுக்குச் சொந்தமான ஜின் என்ற பாடநூல் பதிப்பகம் பொஸ்டன் நகருக்கு அருகே இயங்கியது. அங்குள்ள தொகுப்பாசிரியர்கள் வேலை செய்யும் விதத்தை டிம் மொட் என்பவர் அவதானித்தார். அவர்கள் கத்தரிக்கோலால் தாளை வெட்டி, பசையால் ஒட்டிப் பிரதிகளைச் செப்பனிட்டனர். 1975 அளவில் மொட்டும் டெஸ்லரும் இணைந்து உருவாக்கிய 'ஜிப்சி' மென்பொருள், அந்தக் கத்தரிக்கோலையும் பசையையும் திரைக்குக் கொண்டுவந்தது. சுட்டியை வைத்த இடத்தில் தட்டினால் எழுத்து சேரும், அவ்வளவுதான். வெட்டு, பிரதியெடு, ஒட்டு என்ற கட்டளைகள் இன்றைய வடிவத்தைப் பெற்றது இவ்வாறே.

1980இல் டெஸ்லர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983இல் வெளியான 'லிசா' கணினியில், அக்கட்டளைகளுக்கு எக்ஸ், சி, வி என்ற அடுத்தடுத்த விசைகள் வழங்கப்பட்டன. எக்ஸ், எழுத்தை அடித்து நீக்கும் குறி. வி, ஒப்புநோக்குநர்கள் விடுபட்ட சொல்லைச் சேர்க்க இடும் குறியின் தலைகீழ் வடிவம். நமது தொழிலின் பழைய அடையாளங்கள் உலகெங்குமுள்ள விசைப்பலகைகளில் இவ்வாறு வாழ்கின்றன.

டெஸ்லர் தனித்த குரலல்லர். 1979இல் மெக்கின்டொஷ் திட்டத்தை ஆரம்பித்த ஜெஃப் ராஸ்கினும், பயனரின் உழைப்புக்குக் கணினி தீங்கிழைக்கலாகாது என்று 2005இல் மறையும் வரை வலியுறுத்தினார். ஆயினும், தன் வாகனத்தின் இலக்கத் தகட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று பொறித்துக்கொண்ட பிடிவாதம் டெஸ்லருக்கே உரியது. எந்த மென்பொருளிலும் குறைக்கவியலாத சிக்கல் ஓரளவு உண்டு. அதனைச் சுமப்பவர் யார் என்பதே கேள்வி என்றார் அவர். இலட்சக்கணக்கான மக்கள் ஆளுக்கொரு நிமிடத்தை இழப்பதைவிட, ஒரு பொறியியலாளர் ஒரு வாரம் கூடுதலாக உழைப்பதே நீதி என்பது அவரது வாதம்.

டெஸ்லர் 2020 பெப்ரவரி 16ஆம் திகதி மறைந்தார். அவர் எதிர்த்த 'நிலைகள்' மறையவில்லை. தமிழில் எழுதுவதாக எண்ணி ஒரு பந்தி முழுவதையும் தட்டிவிட்டு, நிமிர்ந்து பார்த்தால் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும் அனுபவம், இரு மொழிகளில் தட்டச்சிடும் நம் எல்லோருக்கும் உண்டு. அப்போதெல்லாம் நாம் நம்மையே கடிந்துகொள்கிறோம்.

அந்த ஆசிரியரை மறுநாள் மீண்டும் அழைத்தேன். சலிக்காமல் திரும்பவும் கூறினார். ஆனால், முதல்நாள் அவர் கூறிய விதத்தில் அமையவில்லை. அந்த மூன்று வரிகளுக்காக நான் இப்போது என்னை நொந்துகொள்வதில்லை. எந்நிலையில் இருக்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லும் கடமை அந்தக் கணினிக்கும் இருந்தது.