எது திட்டம்? மொழிச் சேவையகங்களின் வேகமும் திட்டக் கோப்பும்

நிரலில் ஒரு புள்ளி வைத்ததும் பரிந்துரைப் பட்டியல் எத்தனை விரைவில் விரிகிறது என்பதை வைத்தே மொழிச் சேவையகத்தை எடைபோடுகிறோம். லாங்குவேஜ் சர்வர் என்று வழக்கில் சொல்லப்படும் இந்தப் பின்னணி நிரல் தடுமாறினால், பழி பார்சர் மீதோ வகைச் சோதனை மீதோ விழுகிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் பழி போக வேண்டிய இடம் பெரும்பாலும் வேறு என்று தெரிகிறது. ஒரு கோப்பைத் திறந்தவுடன் சேவையகம் விடை காண வேண்டிய முதல் கேள்வி, அந்தக் கோப்பு எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது, எந்த அமைப்புகளோடு, எந்தெந்தக் கோப்புகளின் துணையோடு அதைப் படிக்க வேண்டும் என்பது. இதற்குச் சரியான விடையை மலிவாகப் பெறும் வழியை ஒவ்வொரு மொழியும் எப்போது கண்டுபிடித்ததோ, அப்போதுதான் அதன் சேவையகம் வேகம் பெற்றது. சி++, ரஸ்ட், கோ, டைப்ஸ்கிரிப்ட் ஆகிய நான்கையும் கொண்டு இதைக் காட்ட முயல்கிறேன்.

நெறிமுறை பேசாத இடம்

2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோட்என்வி ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை (எல்எஸ்பி) அறிவித்தன. அதுவரை ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனி இணைப்பு எழுத வேண்டும். பத்து எடிட்டருக்கும் பத்து மொழிக்கும் நூறு இணைப்புகள். பொது நெறிமுறை வந்தபின் இருபது போதும். அதற்கு முன்னோடிகள் இரண்டு: சி ஷார்ப்புக்கான ஆம்னிஷார்ப், டைப்ஸ்கிரிப்டுக்கான டிஎஸ்சர்வர். இவ்விரண்டையும் விஎஸ் கோடில் பொருத்திய அனுபவமே நெறிமுறையாக வடிவெடுத்தது.

கோப்பின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை இந்த நெறிமுறை மிகக் கறாரானது. கோப்பு எடிட்டரில் திறந்திருக்கும்வரை எடிட்டர் சொல்வதே உண்மை; வட்டில் இருப்பது கணக்கில் இல்லை. மாற்றங்களை முழுக் கோப்பாகவும் அனுப்பலாம், மாறிய பகுதியை மட்டும் அதன் இடத்தோடும் அனுப்பலாம். இரண்டாவது வழி வேகமானது, ஆனால் இடக்கணக்கு பிசகக்கூடாது. நெறிமுறையோ வரிக்குள் இடத்தை யூடிஎஃப்-16 அலகுகளில் எண்ணச் சொன்னது. சேவையகங்கள் பலவும் கோப்பை யூடிஎஃப்-8 ஆகவே வைத்திருந்தன. ஆங்கில எழுத்து மட்டும் உள்ள வரியில் இரண்டு எண்ணிக்கையும் ஒன்றுதான். அதே வரியில் "வணக்கம்" என்று ஒரு சரம் இருந்தால் யூடிஎஃப்-16 கணக்கில் 7 அலகு, யூடிஎஃப்-8 கணக்கில் 21 பைட். மாற்றிக் கணக்கிடாத சேவையகம், அந்தச் சரத்துக்குப் பிறகு வரும் எந்தத் திருத்தத்தையும் 14 இடம் தள்ளிப் பொருத்தும். தமிழில் சரம் எழுதிப் பார்க்கும் நிரலாளர்களுக்கு இந்த வகைப் பிழை புதிதல்ல. எந்த அலகில் எண்ணுவது என்று இரு தரப்பும் பேசி முடிவுசெய்ய 2022-இல் வந்த 3.17 பதிப்புதான் வழிவிட்டது.

இத்தனை நுணுக்கமாகப் பேசும் நெறிமுறை, திட்டம் என்றால் என்ன என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தொடக்கத்தில் ஒரு வேர்க் கோப்புறையின் முகவரி, பிற்பாடு பல கோப்புறைகளின் பட்டியல். எடிட்டர் தருவது அவ்வளவே. இது கவனக்குறைவு அல்ல என்பது என் கருத்து. மேவன், கார்கோ, சிமேக் ஆகிய பில்டு கருவிகள் மூன்றுக்கும் பொதுவான ஒரு திட்ட வரையறையை 2016-இல் எழுத உட்கார்ந்திருந்தால் நெறிமுறையே வெளிவந்திருக்காது. ஆனால் அந்த மௌனத்தின் செலவு ஒவ்வொரு சேவையகத்தின் தலையிலும் தனித்தனியாக விழுந்தது.

சி++: இரவல் பட்டியல்

சி++ மொழிக்கு அதிகாரபூர்வத் திட்டக் கோப்பு என்று ஒன்று என்றுமே இருந்ததில்லை. ஒரே களஞ்சியத்தின் இரண்டு கோப்புகள் வெவ்வேறு ஹெடர் பாதைகளோடும் வெவ்வேறு மேக்ரோ வரையறைகளோடும் கம்பைல் ஆகலாம். அதனால் கிளாங் கம்பைலர் குழு ஒரு எளிய ஏற்பாட்டைச் செய்தது: எந்தக் கோப்பு, எந்தக் கோப்புறையிலிருந்து, எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்ற மூன்று தகவலும் கொண்ட ஜேசன் பட்டியல். 2011-இல் வந்த சிமேக் 2.8.5 இந்தப் பட்டியலைத் தானே எழுதித் தரத் தொடங்கியது. எல்எஸ்பி பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்பே தயாராகிவிட்ட இந்தக் கோப்பின் மேல்தான் கிளாங்டி சேவையகம் பின்னாளில் எழுந்தது.

பட்டியலில் ஒரு குறை உண்டு. ஹெடர் கோப்புகள் தனியே கம்பைல் ஆவதில்லை; ஆகவே அவற்றின் பெயர் அதில் இருக்காது. குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவர் ரேஷன் கடையில் நிற்கும் நிலைதான் அவற்றுக்கு. கிளாங்டி இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: பெயரும் இருப்பிடமும் ஒத்துப்போகும் ஒரு மூலக் கோப்பைத் தேடி, அதன் கட்டளையை ஹெடருக்கு இரவல் வாங்குகிறது. ஊகம் சரியானால் எல்லாம் சரி. பட்டியலே கிடைக்காவிட்டால் பொதுவான ஒரு கட்டளையோடு படிக்கிறது. முதல் ஹெடரே அகப்படாமல் சிவப்புக் கோடு விழும், அதன்பின் கோப்பு முழுக்கப் பொய்ப் பிழைகள்.

வேகத்துக்குக் கிளாங்டி கையாண்ட உத்தியும் இதே பட்டியலை நம்பியே நிற்கிறது. கோப்பின் தலையில் உள்ள ஹெடர் வரிகளை ஒருமுறை கம்பைல் செய்து அப்படியே வைத்துக்கொள்ளும். கீழே எத்தனை முறை தட்டச்சு செய்தாலும் அந்தத் தலைப்பகுதியைத் திரும்பப் படிக்காது. கட்டளை மாறினால் அந்தச் சேமிப்பு செல்லாது. மற்ற கோப்புகளுக்கான சொல்லடைவைப் பின்னணியில் தயாரித்து வட்டில் எழுதிவைக்கிறது.

ரஸ்ட்: ஒருமுறை கேட்டு, மொழிபெயர்த்து, மறந்துவிடுதல்

ரஸ்டின் முதல் சேவையகம் ஆர்எல்எஸ். கம்பைலரையே ஓட்டி, அது கக்கும் பகுப்பாய்வுத் தரவைப் படித்து விடை சொல்வது அதன் வழி. கம்பைலர் முடிக்கும்வரை அதற்குத் தெரிந்தது பழைய நிலைதான். அவசரமான பரிந்துரைகளுக்கு ரேசர் என்ற தனிக் கருவியை நம்பியது. ரேசருக்கு வகைகளைப் பற்றிய அறிவு அரைகுறை. ஒரு தொகுப்பு (கிரேட்) முழுவதையும் அலகாகக் கொண்ட கம்பைலரை ஒவ்வொரு எழுத்துக்கும் எழுப்புவது, எவ்வளவு திறமையாகச் செய்தாலும் எல்லைக்குட்பட்ட வழியே.

இன்டெல்லிஜே எடிட்டரின் ரஸ்ட் இணைப்பில் பணியாற்றியிருந்த அலெக்ஸி கிளாடோவ் தொடங்கிய ரஸ்ட்-அனலைசர் தலைகீழாகப் போனது. கம்பைலர் முழுவதுமாகக் கணக்கிட்டு முடிக்கும். இது கேட்ட கேள்விக்குத் தேவையானதை மட்டும் கணக்கிடும். எந்த விடை எந்த உள்ளீட்டை நம்பியது என்பதை நிகோ மட்சாகிஸ் உருவாக்கிய சால்சா நூலகம் குறித்துவைக்கிறது. உள்ளீடு மாறினால் அதை நம்பிய விடைகள் மட்டும் மறுபரிசீலனைக்கு வரும். இதன் வடிவமைப்பு ஆவணம் ஒரு நியதியை வலியுறுத்துகிறது: ஒரு ஃபங்ஷனின் உடலுக்குள் தட்டச்சு செய்வது, திட்டம் முழுமைக்குமாகக் கணக்கிட்டுவைத்த எதையும் செல்லாததாக்கக் கூடாது. ரஸ்டில் ஃபங்ஷனின் கையொப்பத்தில் வகைகளை வெளிப்படையாக எழுதியாக வேண்டும் என்பதால் இது சாத்தியமானது.

திட்டக் கோப்பை அது கையாளும் விதம் இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது; எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. தொடங்கும்போது கார்கோவிடம் மெட்டாடேட்டா கேட்கிறது. எந்தத் தொகுப்பு எதை நம்புகிறது, எந்த அம்சங்கள் இயக்கப்பட்டுள்ளன, எந்த எடிஷன் என்று எல்லாம் வந்துவிடும். கம்பைல் வேளையில் நிரல் உருவாக்கும் பில்டு ஸ்கிரிப்டுகளை ஓட்டிப் பார்க்கிறது. புரோசீஜரல் மேக்ரோக்களைத் தனிப் பிராசஸில் வைத்து இயக்குகிறது. இவையெல்லாம் சேர்ந்து தொகுப்புகளின் வரைபடமாக மாறுகின்றன. அதன்பின் பகுப்பாய்வின் மையப்பகுதிக்குக் கார்கோ என்று ஒன்று இருப்பதே தெரியாது; அதற்குத் தெரிந்தது அந்த வரைபடமும் எண்ணிட்ட கோப்புகளும்தான். பேசல், பக் போன்ற வேறு பில்டு அமைப்புகளில் வேலை செய்பவர்கள் அதே வரைபடத்தை ஒரு ஜேசன் கோப்பாக எழுதிக் கொடுத்தால் போதும்.

இந்தப் பிரிவினையால் இன்னொரு ஆதாயமும் கிடைத்தது. வரைபடத்தில் எது நிரலாளரின் சொந்த நிரல், எது வெளி நூலகம் என்பது தெரியும். நிலைநூலகம் மணிக்கொரு முறை மாறுவதில்லை. உள்ளீடுகளை நீடிப்பின்படி தரம் பிரித்துவிட்டால், ஒரு எழுத்து தட்டும்போது நூலகம் சார்ந்த ஆயிரக்கணக்கான விடைகளை இன்னும் செல்லுமா என்று சரிபார்க்கவே தேவையில்லை. கார்கோ.டாமல் கோப்பு மாறினால்தான் வரைபடத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். 2022 பிப்ரவரியில் ரஸ்ட்-அனலைசர் ரஸ்ட் அமைப்பின் அதிகாரபூர்வத் திட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ரஸ்ட் 1.65-இல் ஆர்எல்எஸ் இருந்த இடத்தில் எச்சரிக்கைச் செய்தி காட்டும் சிறு நிரல் ஒன்றே மிஞ்சியது.

கோ: நினைவகத்திலிருந்து வட்டுக்கு

கோ மொழியில் திட்டம் என்றால் நெடுங்காலம் ஜிஓபாத் என்ற ஒற்றைக் கோப்புறைதான். பரிந்துரைக்கு கோகோட், வரையறைக்கு கோடெஃப் என்று சில்லறைக் கருவிகள் பல, அந்தக் கோப்புறையை அவரவர் பாணியில் துழாவின. 2018 ஆகஸ்டில் கோ 1.11 மாட்யூல்களைக் கொண்டுவந்தபோது அந்த அனுமானம் உடைந்து, கருவிகளும் கூடவே உடைந்தன. சில்லறைக் கருவிகளுக்குப் பதிலாகக் கோ குழுவே கோப்ளீஸ் என்ற ஒரே சேவையகத்தை எழுதியதற்கு இது முக்கியக் காரணம். அது எதையும் தானாக ஊகிப்பதில்லை. கோ கட்டளையையே ஓட்டி, எந்த பேக்கேஜில் எந்தக் கோப்பு என்று கேட்கிறது. அந்த ஓட்டம் மலிவானதல்ல. ஆகவே திருத்தம் ஒவ்வொன்றையும் பார்த்து, இம்போர்ட் வரியோ பேக்கேஜ் பெயரோ மாறியதா என்று சோதிக்கிறது. மாறவில்லை என்றால் பழைய தகவலே தொடரும்.

ஆனாலும் பெரிய களஞ்சியங்களில் கோப்ளீஸ் நினைவகத்தை விழுங்கியது. ஒரு பெயர் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று சொல்ல, பணியிடத்தின் எல்லா பேக்கேஜ்களின் வகைத் தகவலையும் நினைவகத்தில் வைத்திருந்ததே காரணம். 2023-இல் வந்த 0.12 பதிப்பு இதை மாற்றியது. அந்த மாற்றத்தை ராபர்ட் ஃபிண்ட்லியும் ஆலன் டோனவனும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கோ கம்பைலர் தொடக்கம் முதலே செய்துவந்ததைச் சேவையகமும் செய்தது: ஒவ்வொரு பேக்கேஜையும் தனியே சோதித்து, பிற பேக்கேஜ்களுக்குத் தேவையான சுருக்கத்தை மட்டும் கோப்பாக வட்டில் வைத்தது. குறுக்குக் குறிப்புகளுக்கும் மெத்தட் தொகுதிகளுக்கும் தனி அடைவுகள். முழு விவரமும் திறந்திருக்கும் பேக்கேஜ்களுக்கு மட்டுமே. நினைவகச் செலவு சராசரியாகச் சுமார் 75 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் முறை திறக்கும்போது பழைய கோப்புகளே கைகொடுத்ததால் தொடக்கமும் விரைவானது.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. எல்லாம் ஒரே நினைவகத்தில் இருந்தபோது இரண்டு பொருள்கள் ஒன்றா என்று சுட்டிகளை ஒப்பிட்டே சொல்லிவிடலாம். தனித்தனியே படித்தால் ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். பேக்கேஜ் பெயரும் உள்ளே செல்லும் பாதையும் கொண்டுதான் அடையாளம் காண வேண்டும். சேவையகத்தின் தேடல் பகுதிகள் பலவற்றை இந்தக் கணக்குப்படி திரும்ப எழுத வேண்டியிருந்தது.

திட்டக் கோப்பு சார்ந்த கடைசிப் படி 2024-இல் வந்தது. அதுவரை பல மாட்யூல்கள் உள்ள களஞ்சியத்தில் எந்தக் கோப்புறையைத் திறப்பது, எங்கே கோ.வொர்க் கோப்பு வைப்பது என்பது பயனரின் தலைவலி. 0.15 பதிப்பில் சேவையகம் திறந்த கோப்பிலிருந்து தொடங்கி, அதற்கேற்ற மாட்யூலைத் தானே தேடிக்கொள்கிறது. லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸுக்கான கோப்பைத் திறந்தால், அதற்குரிய இயங்குதள அமைப்பையும் தானே எடுத்துக்கொள்கிறது.

டைப்ஸ்கிரிப்ட்: காவலின் செலவு

டைப்ஸ்கிரிப்டின் திட்டக் கோப்பான டிஎஸ்கான்ஃபிக் 2015-இல் 1.5 பதிப்போடு வந்தது. கோப்பைத் திறந்ததும் டிஎஸ்சர்வர் கோப்புறை மரத்தில் மேல்நோக்கி ஏறி முதலில் அகப்படும் டிஎஸ்கான்ஃபிக்கைத் தேடும். இல்லாவிட்டால் ஊகத் திட்டம் ஒன்றைத் தானே கட்டிக்கொள்ளும். பெரும் களஞ்சியங்களைத் துண்டாக்க 2018-இல் 3.0 பதிப்பு திட்ட மேற்கோள்களைத் தந்தது. அதில் ஒரு திட்டம் இன்னொன்றை அறிவிப்புக் கோப்புகளின் வழியே மட்டும் பார்க்கும். ஆனால் பில்டு செய்யாவிட்டால் அவை பழசாகிவிடும். 2019-இல் 3.7 பதிப்பு எடிட்டரில் மட்டும் மூலக் கோப்புகளையே நேரடியாகப் படிக்கவைத்தது. சரித்தன்மை கூடியது, சுமையும் கூடியது. மிகப் பெரிய களஞ்சியங்களுக்காக இந்த வசதியை அணைக்க ஒரு விருப்பத்தையும் கூடவே கொடுக்க நேர்ந்தது.

கோப்புகளைப் படிப்பதைவிட, அவை மாறுகின்றனவா என்று காவல் காப்பது கடினம். லினக்ஸின் ஐநோட்டிஃபை வசதி உட்கோப்புறைகளைத் தானாகப் பார்க்காது. ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு காவல் வேண்டும். ஒரு பயனருக்கு இயல்பான உச்சவரம்பு நெடுங்காலம் 8192. நோட் மாட்யூல்ஸ் கோப்புறை ஒன்றே அதைத் தின்றுவிடும். 2021-இல் வந்த 5.11 கெர்னல்தான் இந்த வரம்பை நினைவக அளவுக்கேற்ப உயர்த்தியது. கிட்டில் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் ஆயிரக்கணக்கான மாற்றச் செய்திகள் ஒரே நொடியில் குவியும். ஒவ்வொன்றுக்கும் திட்டத்தைத் திரும்பக் கட்டும் சேவையகம் மூச்சுத்திணறும். சற்றுப் பொறுத்து, மொத்தமாகக் கையாள்வதே விவேகம்.

2025 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்டின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், அதன் கம்பைலரும் சேவையகமும் கோ மொழிக்கு மாற்றப்படுவதாக அறிவித்தார். சுமார் 15 லட்சம் வரி கொண்ட விஎஸ் கோட் நிரலின் வகைச் சோதனை 77.8 நொடியிலிருந்து 7.5 நொடிக்கு இறங்கியது. எடிட்டர் அனுபவத்துக்கு அவர் தந்த அளவுகோல் பரிந்துரைப் பட்டியலின் வேகம் அல்ல, திட்டம் முழுவதும் ஏற ஆகும் நேரம்: 9.6 நொடி 1.2 நொடியானது. எட்டு மடங்கு வேகம் பெரிய சாதனைதான். ஆனால் தேவையற்ற கோப்புறையை உள்ளே இழுக்கும் டிஎஸ்கான்ஃபிக்கை எந்த மொழியில் எழுதிய சேவையகமும் அப்படியே நம்பிப் படிக்கும்.

ஆகவே சேவையகம் மெதுவாக இருக்கிறது என்று வேறொன்றுக்கு மாறும் முன், திறந்திருக்கும் கோப்பு எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது என்று அதனிடமே கேளுங்கள். டைப்ஸ்கிரிப்டுக்கு விஎஸ் கோடில் திட்ட அமைப்புக் கோப்புக்குத் தாவும் கட்டளை இருக்கிறது. ரஸ்ட்-அனலைசரின் ஸ்டேட்டஸ் கட்டளை கோப்பு எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று சொல்லும். கிளாங்டியை செக் விருப்பத்தோடு முனையத்தில் ஓட்டினால் எந்தக் கட்டளையை எடுத்துக்கொண்டது என்பதை அச்சிடும். விடை நீங்கள் எதிர்பார்த்த திட்டமாக இல்லாவிட்டால், திருத்த வேண்டியது திட்டக் கோப்பைத்தான்.