வண்டி குடுத்தாங்க, நிறுத்த இடம்?

1/ எங்க ஆஸ்பத்திரியில வாரத்துல ஒருநாள் மாற்றுத்திறனாளிகளுக்கான சான்றிதழ் நாள். போன மாசம் ஒரு அண்ணன் வந்திருந்தார். வயசு 46. சின்ன வயசுல போலியோ. இடது கால்ல காலிபர், கையில ஊன்றுகோல். எலும்பு மருத்துவர் பரிசோதிச்சு சதவீதம் சொல்ல, நான் படிவத்துல எழுதிட்டு இருந்தேன்.

2/ பேச்சுவாக்குல அவர் சொன்னது: "எங்க கடைவீதியை அழகுபடுத்திட்டாங்க சார். தரை முழுக்க பேவர் பிளாக், ரெண்டு முனையிலயும் இரும்புக் கம்பம். என் சைடு வீல் ஸ்கூட்டர் உள்ள போகாது. பேங்க் நடுவுல இருக்கு. வீட்டுக்காரம்மாகிட்ட கார்டைக் குடுத்து பணம் எடுத்துட்டு வரச் சொல்றேன். வண்டி கவர்மெண்ட் குடுத்துச்சு. நிறுத்த இடத்தை யார் சார் குடுப்பா?"

3/ எனக்குப் பதில் தெரியல. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். இதே கேள்வி பிரிட்டன்ல எழுபது வருஷத்துக்கு முன்னாடியே எழுந்திருக்கு. அவங்க ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் அதையே ஒரு நகரம் பறிச்சது. திரும்பவும் குடுத்தது. அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

4/ இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச சமயம். பெர்ட் கிரீவ்ஸ் என்ற இங்கிலாந்துப் பொறியாளர், உடல் செயலிழந்த தன் உறவினர் டெர்ரி பிரஸ்டன்-காப்புக்காக மோட்டார் வச்ச ஒரு வண்டி செஞ்சார். அதிலிருந்து பிறந்ததுதான் 'இன்வாகார்'. மூணு சக்கரம், ஒரே ஒரு சீட், கையாலேயே ஓட்டலாம். போர்ல கால் இழந்தவங்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசே இதைக் கொடுத்தது.

5/ வெளிர்நீல நிறத்துல அந்த வண்டி ஊரெல்லாம் ஓடிச்சு. நம்ம ஊர்ல அரசு கொடுக்கிற இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு அதை மூத்த அண்ணன்னு சொல்லலாம். குறைகளும் உண்டு. பலமான காத்துல ஆடும். ஒரே சீட்டுங்கறதால குழந்தையைக்கூட கூட்டிட்டுப் போக முடியாது. ஆனாலும் வீட்டை விட்டு வெளிய வர முடிஞ்சதே பெரிய விஷயம்.

6/ வெளிய வந்தாச்சு. எங்க நிறுத்துறது? ஊர் நடுவுல கார்கள் பெருகிட்டே இருந்தன. எல்லா இடத்துலயும் மஞ்சள் கோடு, மீட்டர். வண்டி கடை வாசல் வரைக்கும் ஓடும், ஆனா அங்க நிறுத்தினா அபராதம். தூரமா நிறுத்திட்டு நடக்கலாம்னா, நடக்க முடியாதவருக்குத்தானே அந்த வண்டியையே குடுத்தாங்க!

7/ இந்த இடத்துல ஆல்ஃப் மோரிஸ் வர்றார். மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பம். அப்பா முதல் உலகப்போர்ல காயம்பட்டு, விஷவாயுவால பாதிக்கப்பட்டு, ஆல்ஃப் சின்னப் பையனா இருக்கும்போதே இறந்துட்டார். ஊனத்தோட ஒரு மனுஷன் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கறதைப் பார்த்து வளர்ந்தவர் பிற்காலத்துல எம்.பி. ஆனார்.

8/ பிரிட்டிஷ் பார்லிமெண்ட்ல தனிநபர் மசோதாவுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க, கிட்டத்தட்ட நம்ம குடவோலை மாதிரி. 1969 நவம்பர்ல முதல் சீட்டு மோரிஸுக்கு விழுந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவரேன்னார். பார்லிமெண்ட் கலைஞ்சு தேர்தல் வரப்போற நேரம். 1970 மே 29, கடைசிக் கட்டத்துல ஒப்புதல் கிடைச்சது. கொஞ்சம் தவறியிருந்தா மசோதா அப்படியே செத்திருக்கும்.

9/ அந்தச் சட்டத்துல ரெண்டு பிரிவு நம்ம கதைக்கு முக்கியம். பிரிவு 4: பொதுமக்கள் வரும் கட்டடம் கட்டினா, வாசல், கழிப்பறையோட வாகன நிறுத்தத்தையும் மாற்றுத்திறனாளிகளை மனசுல வச்சு அமைக்கணும். பிரிவு 21: அவங்க வண்டியில மாட்டிக்க ஒரு அட்டை. 1971-ல அந்த ஆரஞ்சு அட்டை வந்தது. 2000-லிருந்து அது நீல அட்டை. மஞ்சள் கோட்டில்கூட குறிப்பிட்ட நேரம் நிறுத்த அந்த அட்டை அனுமதி தரும். மோரிஸ் 1974-ல மாற்றுத்திறனாளிகளுக்கான உலகின் முதல் அமைச்சரும் ஆனார்.

10/ ஒரு டாக்டரா என்னை யோசிக்க வச்சது வேற. நம்ம சான்றிதழ்ல கேட்கிறது சதவீதம். 40 சதவீதம் இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை. அந்த ஊர் அட்டைக்கு முக்கியமான கேள்வி: இவரால எவ்வளவு தூரம் நடக்க முடியும்? இன்னைக்கு அங்கே 50 மீட்டருக்கு மேல நடக்க முடியாதுன்னு மதிப்பிடப்பட்டவருக்கு அட்டை உண்டு. சதவீதத்தை தெரு கேட்காது. அது கேட்கிறது மீட்டர்.

11/ 50 மீட்டர்ங்கறது நமக்கு ஒண்ணுமேயில்ல. முழங்காலுக்கு மேல கால் எடுத்தவர் செயற்கைக் காலோட நடக்க, நம்மை விடப் பாதிக்கு மேல கூடுதல் சக்தி செலவழிக்கிறார். கால் ரத்தக்குழாய் அடைச்சவருக்குக் கொஞ்ச தூரத்துலேயே கெண்டைச்சதை இழுக்கும், நின்னாத்தான் வலி விடும். இதயம் பலவீனமானவருக்கு மூச்சு வாங்கும். பார்க்க நல்லாத்தானே இருக்கார்னு நாம நினைப்போம்.

12/ பிரிட்டன் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டி இதை எண்ணாவே எழுதி வச்சிருக்கு. ஓய்வெடுக்காம போகக்கூடிய தூரம்: சக்கர நாற்காலியில 150 மீட்டர். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் 150. நடக்கச் சிரமப்பட்டாலும் துணைக்கருவி இல்லாம நடக்கிறவருக்கு 100. ஊன்றுகோலோட நடக்கிறவருக்கு வெறும் 50. எங்க ஓ.பி.க்கு வந்த அண்ணன் இந்தக் கடைசி வரிசை.

13/ அதே காலத்துல இன்னொரு கதையும் ஓடிட்டு இருந்தது. கார்கள் ஊரை விழுங்குதுன்னு 1963-ல புகானன் அறிக்கை எச்சரிச்சது. 1967-ல நாரிச் நகரம் லண்டன் ஸ்ட்ரீட்டை நடப்பவர்களுக்கு மட்டும்னு ஒதுக்கியது. மற்ற ஊர்களும் பின்னாடியே போச்சு. நல்ல விஷயம்தான். விபத்து வார்டுல வேலை பார்க்கிற நான் வண்டியில்லாத தெருவை எதிர்ப்பேனா?

14/ ஆனா நடப்பவர்களுக்கு மட்டும்னு பலகை வச்சதும், நடக்க முடியாதவர் வெளிய போயிடறார். அவரை யாரும் திட்டம் போட்டுத் துரத்தல. வரைபடத்துல அவர் ஞாபகமே வரல, அவ்வளவுதான். சில ஊர்கள் யோசிச்சாங்க. மில்டன் கீன்ஸ் 1980-ல ஷாப்மொபிலிட்டின்னு ஒரு ஏற்பாடு தொடங்கியது. காரை நிறுத்திட்டு அங்கேயே சக்கர நாற்காலி, பேட்டரி ஸ்கூட்டர் எடுத்துட்டுக் கடைவீதிக்குள்ள போகலாம்.

15/ இப்ப யார்க். வட இங்கிலாந்துல கோட்டைச் சுவருக்குள்ள இருக்கிற பழைய நகரம். குறுகலான தெருக்கள், கல் பாவின தரை. நடுவுல இருந்த தெருக்கள்ல பகல் நேரம் வண்டிகளுக்குத் தடை. ஆனா நீல அட்டை வச்சிருந்தவங்க அதுல சில தெருக்களுக்குள்ள போய் நிறுத்தலாம். 2017-ல யார்க் தன்னை பிரிட்டனின் முதல் மனித உரிமை நகரம்னு அறிவிச்சுக்கிச்சு.

16/ 2020-ல கொரோனா. இடைவெளி வேணும்னு வண்டியில்லாத பகுதியை விரிவாக்கினாங்க. நீல அட்டைக்கும் தடை. தற்காலிகம்னு சொன்னாங்க. 2016-ல நீஸ், பெர்லின்ல லாரியை ஏத்திக் கொன்ன தாக்குதல்கள், 2017-ல லண்டன் தாக்குதல்கள். அந்தப் பயமும் சேர்ந்துகிச்சு. 2021 நவம்பர்ல நகர நிர்வாகம் தடையை நிரந்தரமாக்கியது. வெளிய வேற இடம் ஒதுக்கியிருக்கோம்னாங்க.

17/ நிர்வாகம் சொன்ன காரணம் பொய்யில்ல. லாரி ஏத்திக் கொல்றது நடந்த விஷயம். மாற்றுத்திறனாளிகள் கேட்டதும் நியாயம்: ஊன்றுகோலோட 50 மீட்டர் நடக்கிறவருக்கு வெளிய இருக்கிற இடத்தால என்ன பயன்? மருந்துக் கடை, பேங்க், சர்ச், நண்பரோட ஒரு காப்பி, எல்லாமே அந்தக் கம்பத்துக்கு அந்தப் பக்கம். ஊருக்குப் பாதுகாப்பு கிடைச்சது, அதோட விலையை ஒரே கூட்டம் கட்டியது.

18/ அவங்க விடல. உள்ளூர் மாற்றுத்திறனாளி அமைப்புகள் ஒண்ணு சேர்ந்து 'தடையைத் திரும்பப் பெறு'ன்னு இயக்கம் நடத்தினாங்க. 2023 மே உள்ளாட்சித் தேர்தல்ல நிர்வாகம் மாறியது. 2024 ஜனவரியில நீல அட்டை திரும்ப உள்ள வந்தது. தடுப்புக் கம்பங்களை எடுக்கல. அட்டை இருக்கிறவங்களுக்கு மட்டும் வழி விட்டாங்க. அதாவது ரெண்டும் சேர்ந்து சாத்தியம்தான்.

19/ சுபம் போட முடியாது. அதே 2024 கடைசியில கிறிஸ்துமஸ் சந்தை. பாதுகாப்பு ஆலோசனைன்னு சொல்லி, சந்தை நடந்த வாரங்கள்ல நீல அட்டைக்கு மறுபடி தடை. ஐம்பது வருஷ உரிமை, ஆனா ஊர்ல ஏதாவது புதுசா நடந்தா முதல்ல கை வைக்கிற இடம் அதுதான்.

20/ இப்ப நம்ம சட்டம். 1995 சட்டம் தெருவைப் பத்திப் பேசிச்சு, ஆனா பொருளாதார வசதிக்கு உட்பட்டுன்னு ஒரு வாலோட. 2016 சட்டத்தின் பிரிவு 41-ஐ எடுத்துப் படிங்க. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையத்துல அணுகத்தக்க வாகன நிறுத்தம் வேணும்னு அதுல இருக்கு. வாகனத்தை அவங்களுக்கேத்த மாதிரி மாற்றித் தர்ற திட்டமும் அதே பிரிவுலதான். வண்டியும் நிறுத்தமும் சட்டத்துல பக்கத்துப் பக்கத்துல இருக்கு. தெருவுலதான் பிரிஞ்சு போச்சு.

21/ அளவும் இருக்கு. மத்திய அரசின் வழிகாட்டி நெறிகள்படி அணுகத்தக்க கார் நிறுத்தம் 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், வாசல்லேர்ந்து 30 மீட்டருக்குள்ள. ஏன் அவ்வளவு அகலம்? கதவை முழுசாத் திறந்து, பக்கத்துல சக்கர நாற்காலியை வச்சு, அதுக்கு மாறி உட்காரணும். இது நெறிகளா மட்டும் இருந்ததுதான் பிரச்சினை. 2024 நவம்பர் 8, ரஜீவ் ரதூரி வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: வெறும் பரிந்துரை போதாது, கட்டாய விதிகள் வேணும்.

22/ அதனால உங்க ஊர்ல கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் எதைப் புதுசாக்கினாலும் மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு: வண்டி நிறுத்துற இடத்துலேர்ந்து பேங்க், மருந்துக் கடை வாசல் வரைக்கும் எத்தனை மீட்டர்? ரெண்டு: சைடு வீல் ஸ்கூட்டர் சாதாரண பைக்கை விட அகலம். கம்பங்களுக்கு நடுவுல அது போகுமா, நிறுத்த இடம் இருக்கா?

23/ மூணாவது கேள்விதான் எல்லாரும் மறக்கிறது: வேலை நடக்கிற வருஷங்கள்ல அவங்க எங்க நிறுத்துவாங்க? பள்ளம் தோண்டினதும் ஜல்லி, கம்பி கொட்ட முதல்ல போறது அந்த ஒதுக்கின இடம்தான். வேலை முடிஞ்சதும் இடம் வரும்னு சொல்வாங்க. டயாலிசிஸ், சர்க்கரை மாத்திரை, பென்ஷன் இதெல்லாம் ரெண்டு வருஷம் காத்திருக்காது. யார்க்ல தற்காலிகம்னு ஆரம்பிச்சது எங்க போய் நின்னதுன்னு பார்த்தோம்ல.

24/ அண்ணனுக்குச் சான்றிதழ் வந்துட்டதுன்னு போன் பண்ணி வரச் சொன்னேன். வந்தவரை வராண்டாவுல நடக்கச் சொல்லி டேப் வச்சு அளந்தேன். 40 மீட்டர்ல நின்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டார். ஓ.பி. சீட்டுல எழுதினேன்: 'ஓய்வின்றி 40 மீட்டர் மட்டுமே நடக்க இயலும். இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வங்கி வாசல் வரை செல்ல அனுமதி வழங்கப் பரிந்துரைக்கிறேன்.' கையெழுத்து, சீல்.

25/ "இதுக்கெல்லாம் படிவம் இருக்கா சார்?"னு கேட்டார். இல்லைன்னேன். மனுவோட சேர்த்துக் குடுக்கிறேன்னு சீட்டை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போனார். அடுத்து வரும்போது என்ன ஆச்சுன்னு சொல்றேன்னார். அவர் சொன்னதும் இங்க எழுதறேன்.