எம். எஸ். அனந்தின் கல்வித் தலைமை: பொறியியல் விரிவுரைகளின் பரவலும் அதன் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

வேதிப்பொறியியல் பேராசிரியரான எம். எஸ். அனந்த் 2001 முதல் 2011 வரை சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐ.ஐ.டி.) இயக்குநராகப் பணியாற்றினார். அவர் முன்னின்று நடத்திய ‘தொழில்நுட்பவழிக் கற்றலுக்கான தேசியத் திட்டம்’ (என்பிடெல்) உயர் தொழில்நுட்ப நிறுவனங்களின் வகுப்பறைப் பாடங்களைக் கட்டணமின்றிப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. இக்கட்டுரை அவருடைய கல்விப் பின்புலத்தையும் தலைமைப் பணியையும் வரலாற்று முறையில் தொகுத்து, அத்திட்டம் கம்பம் பள்ளத்தாக்கு போன்ற தொலைப்பகுதி மாணவர்க்கு எவ்வளவு பயன்பட இயலும் என்பதை மதிப்பிடுகிறது. பாடத்தின் பரவல் இடத்தடையைக் குறைத்தது. மொழித்தடையை அது தொடக்கத்தில் கருத்தில் கொள்ளவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: எம். எஸ். அனந்த், வேதிப்பொறியியல், என்பிடெல், அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, பொறியியல் தமிழ், கம்பம் பள்ளத்தாக்கு

முன்னுரை

பழனிசெட்டிபட்டி, தேனி நகரை ஒட்டிக் கம்பம் செல்லும் சாலையில் அமைந்த பேரூராட்சி. முல்லைப் பெரியாற்றின் நீரால் நெல்லும் தென்னையும் திராட்சையும் விளையும் இப்பள்ளத்தாக்கில் உயர்கல்வி மெல்லவே வளர்ந்தது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இல் தொடங்கப்பட்டது. ஆனால் பொறியியல் பயில விரும்பியோர் நெடுங்காலம் வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957இல் தோன்றிய பின்னரே ஓரளவு அண்மையில் ஒரு வாய்ப்பு ஏற்பட்டது. போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரி அமைந்தது 2012இல்தான்.

கல்லூரி அமைவதும் நல்ல பாடம் கிடைப்பதும் ஒன்றல்ல. கட்டடம், கருவி, ஒப்புதல் ஆகியவற்றைச் சில ஆண்டுகளில் பெற்றுவிடலாம். ஆழ்ந்த புலமையுள்ள ஆசிரியரை உருவாக்க ஒரு தலைமுறை ஆகும். இவ்விடைவெளியை நிரப்ப எடுக்கப்பட்ட பெருமுயற்சிகளுள் ஒன்றை ஒரு வேதிப்பொறியாளர் வழிநடத்தினார். அவர் எத்தகைய மரபிலிருந்து வந்தார், என்ன செய்தார், செய்ததில் எது எஞ்சியது என்னும் வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வேதிப்பொறியியல் மரபும் அழகப்பா கல்லூரியும்

வேதிப்பொறியியல் பிற பொறியியல் துறைகளை நோக்க இளையது. மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் 1887இல் ஆற்றிய விரிவுரைகளும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1888இல் தொடங்கிய பாடத்திட்டமும் அதன் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. வடித்தல், உலர்த்தல், வடிகட்டல் முதலியன சாயம், சர்க்கரை, எண்ணெய் எனப் பல ஆலைகளிலும் ஒரே அடிப்படையில் நிகழ்பவை. இவற்றை ‘அலகுச் செயல்பாடுகள்’ எனத் தொகுத்துக் காணும் கருத்தை ஆர்தர் லிட்டில் 1915இல் முன்வைத்தார். இதனால் ஓர் ஆலையின் கைப்பழக்கமாக இருந்த அறிவு, எங்கும் கற்பிக்கத்தக்க பாடமாயிற்று.

இந்தியாவில் ஹீராலால் ராய் 1921இல் வங்காளத்தின் ஜாதவ்பூரில் இத்துறையைத் தொடங்கினார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித்தொழில்நுட்பத் துறை 1933இல் அமைந்தது. தமிழகத்தில் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் ஐந்து லட்சம் ரூபாய் நன்கொடையால் 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றுடன் இக்கல்லூரியும் அதன் உறுப்பாயிற்று.

எம். எஸ். அனந்த் இக்கல்லூரியில் 1960களில் வேதிப்பொறியியல் பயின்று இளநிலைப் பட்டம் பெற்றார். தனிக்கொடையும் பொதுப் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய நிறுவனத்தின் பயனாளர் அவர் என்பது பிற்காலப் பணியை நோக்கும்போது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆய்வாளரும் ஆசிரியரும்

அனந்த் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு பயின்று 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். அவரது ஆய்வுக்களம் மூலக்கூறு வெப்ப இயக்கவியல். ஒரு நீர்மத்தின் அழுத்தம், அடர்த்தி முதலிய பண்புகளை அதன் மூலக்கூறுகளுக்கிடையிலான விசைகளைக் கொண்டு கணிப்பது இத்துறையின் பணி. கீத் கபின்ஸ், கிறிஸ்டோபர் கிரே ஆகியோருடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1974இல் ‘மாலிகுலர் பிசிக்ஸ்’ இதழில் வெளிவந்தது.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே தாயகம் திரும்பிச் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தார். மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் அப்போது பதின்மூன்று ஆண்டு அகவையே உடையது. இயக்குநர் பொறுப்பேற்பதற்கு முன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் அங்கேயே கற்பித்தார். துறைத் தலைவர், புலத்தலைவர் பொறுப்புகளையும் வகித்தார். வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட ஆட்சியாளராக அல்லாமல், வகுப்பறை வழியே தலைமைக்கு வந்தவர் என்பதே அவரது பணியின் இயல்பை விளக்கும் முதற்செய்தி.

ஐ.ஐ.டி. சட்டப்படி பல்கலைக்கழகம் அன்று. நாடாளுமன்றத்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். எனினும் பட்டம் வழங்குதல், பாடத்திட்டம் வகுத்தல், ஆய்வு நெறிப்படுத்தல் ஆகியவற்றில் அதன் இயக்குநரின் பொறுப்பு துணைவேந்தரின் பொறுப்புக்கு நிகரானது.

இயக்குநர் பொறுப்பில் பத்தாண்டுகள்

அனந்தின் பணிக்காலத்தில் ஐ.ஐ.டி. அமைப்பு மூன்று திசைகளில் விரிந்தது. முதலாவது, மாணவர் சேர்க்கை. பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரலில் உறுதிசெய்தது. பொதுப்பிரிவு இடங்களைக் குறைக்காமல் இதனை நிறைவேற்ற மொத்த இடங்களை 54 விழுக்காடு உயர்த்த வேண்டியிருந்தது. விடுதி, ஆய்வகம், ஆசிரியர் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் இது பாதித்தது.

இரண்டாவது, புதிய நிறுவனங்கள். 2008இல் தொடங்கிய ஐதராபாத் ஐ.ஐ.டி.க்குச் சென்னை ஐ.ஐ.டி. வழிகாட்டும் நிறுவனமாக அமைந்தது.

மூன்றாவது, தொழில்துறைத் தொடர்பு. தரமணியில் 2010இல் செயல்படத் தொடங்கிய ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா, இந்தியாவில் ஒரு கல்வி நிறுவனம் சார்ந்து எழுந்த முதல் ஆராய்ச்சிப் பூங்காவாகும். அங்கு இடம்பெறும் நிறுவனங்கள் ஐ.ஐ.டி.யின் ஆசிரியர்களுடனும் மாணவர்களுடனும் இணைந்து செயல்பட வேண்டும் என்பது அதன் விதி. மின்பொறியியல் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் பங்கு இதில் முதன்மையானது.

இவை மூன்றும் நிறுவனத்தின் எல்லைக்குள்ளோ அதன் அண்மையிலோ நிகழ்ந்தவை. நுழைவுத் தேர்வில் தேறாத, ஐ.ஐ.டி.யின் வாயிலைக் காணாத மாணவர்க்கு இவற்றால் நேரடிப் பயன் இல்லை. அவர்களை நோக்கி அமைந்தது நான்காவது பணி.

என்பிடெல் திட்டம்

தமிழகத்தில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. பிற மாநிலங்களிலும் இவ்வாறே தனியார் கல்லூரிகள் பெருகின. கல்லூரிகளின் வளர்ச்சிக்கு ஈடாகத் தகுதிவாய்ந்த ஆசிரியர்களின் எண்ணிக்கை வளரவில்லை. 1999 முதல் ஐ.ஐ.டி.கள், இந்திய மேலாண்மைக் கழகங்கள், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஆகியவற்றிடையே நிகழ்ந்த கலந்துரையாடல்களில் தொழில்நுட்பத்தின் வழியே இக்குறையை ஈடுசெய்யும் எண்ணம் உருவானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப்பொருள்களை இணையத்தில் வெளியிடப்போவதாக 2001இல் அறிவித்தது.

இந்தியத் திட்டம் 2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து, மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் 20.5 கோடி ரூபாய் நிதியுடன் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைப்பு மையமாகச் செயல்பட, அனந்த் தேசிய அளவில் திட்டத்தை வழிநடத்தினார். அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த மங்கள சுந்தர் கிருஷ்ணன் இணையப் பாடங்களை ஒருங்கிணைத்தார்.

முதற்கட்டத்தின் கவனம் குடிசார், இயந்திர, மின், மின்னணு, கணினிப் பொறியியல் ஆகிய ஐந்து துறைகளின்மீதும் அடிப்படை அறிவியல் பாடங்களின்மீதும் இருந்தது. வேதிப்பொறியாளர் வழிநடத்திய திட்டம், பெரும்பாலான கல்லூரிகள் கற்பித்த துறைகளுக்கே முன்னுரிமை தந்தது. மாசசூசெட்ஸ் திட்டம் தன் நிறுவனத்தின் பாடங்களை உலகுக்குக் காட்டியது. இந்தியத் திட்டமோ பிற கல்லூரிகளின் தேவையிலிருந்து தொடங்கியது. இவ்வேறுபாடு குறிப்பிடத்தக்கது.

ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழ நாற்பது மணி நேர விரிவுரையாக, ஒரு பருவத்திற்குரிய முழுமையுடன் அமைந்தது. அனந்தும் ‘வேதிப்பொறியியல் வெப்ப இயக்கவியல்’ பாடத்தை ஒளிப்பதிவுக்காகக் கற்பித்தார். பின்னர் இவ்விரிவுரைகள் யூடியூபிலும் இடம்பெற்றன. இரண்டாம் கட்டத்திற்கு 96 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அனந்தின் பணிக்காலத்திற்குப் பின், 2014 மார்ச்சில், சான்றிதழுடன் கூடிய இணையவழிப் படிப்பு அறிமுகமானது. 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு 20 விழுக்காடு வரையிலான பாடங்களை இணையவழியில் பயில அனுமதித்தது. 2021இல் இவ்வரம்பு 40 விழுக்காடாக உயர்ந்தது. துணைக்கருவியாகத் தொடங்கியது பட்டத்தின் பகுதியாயிற்று.

அளவுப்பெருக்கமும் அதன் எல்லையும்

ஆய்வகக் குடுவையில் நிகழும் வினையை ஆலைக் கலத்தில் நிகழ்த்துவதே வேதிப்பொறியாளரின் தனித்த சிக்கல். கலத்தின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். வெப்பத்தை வெளியேற்றும் மேற்பரப்பு நான்கு மடங்கே ஆகும். எனவே சிறிதில் இயல்பாக நிகழ்ந்த குளிர்வித்தலுக்குப் பெரிதில் தனி ஏற்பாடு தேவை. அளவைப் பெருக்கும்போது எது உடன் பெருகும், எது பெருகாது என்பதை முன்னறிவதே இத்துறையின் ஒழுக்கம்.

கல்வியின் பரவலை மதிப்பிடவும் இவ்வளவுகோல் பொருந்தும். விரிவுரையைப் பதிவுசெய்தால் விளக்கம் எத்தனை பேர்க்கும் குறையாமல் சென்றடையும். மாணவர் எழுப்பும் ஐயமும் ஆசிரியர் தரும் உடனடி விடையும் அவ்வாறு பெருகுவதில்லை. ஆய்வகப் பயிற்சியும் பெருகுவதில்லை. வாராந்தர ஒப்படைப்புகளும், மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வும் 2014க்குப் பின் இக்குறையை ஓரளவு ஈடுசெய்தன. முழுமையாக ஈடுசெய்ய உள்ளூர் ஆசிரியர் தேவை. ஆகவே என்பிடெல் ஆசிரியர்க்கு மாற்றாக அமையும் என்பதைவிட, ஆசிரியரே முதற்பயனாளராக அமையும்போது அது மிகுதியும் பயன்தரும் எனலாம். தொலைவிலுள்ள கல்லூரியின் இளம் விரிவுரையாளர் தம் பாடத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டால், அவரிடம் பயிலும் ஒவ்வோர் அணியும் பயன்பெறும்.

மற்றொரு தடை மொழி. பழனிசெட்டிபட்டி போன்ற ஊர்களில் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்த மாணவர்க்கு நாற்பது மணி நேர ஆங்கில விரிவுரை இரட்டைச் சுமை. பொருளும் புதிது, மொழியும் முழுதும் கைவராதது. வகுப்பில் ஆசிரியர் இயல்பாகவே இடையிடையே தமிழில் விளக்குவார். அனைத்திந்திய விரிவுரையில் அதற்கு இடமில்லை. அளவு பெருகியபோது பெருகாமல் நின்ற கூறு இது.

தமிழகத்தில் இதற்கு மாற்று மரபு இருந்தது. பொறியாளரான ஜி. ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ இதழின் வழியே அறிவியலைத் தமிழில் எழுதும் பழக்கத்தை வளர்த்தார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். நீரியல் அறிஞர் வா. செ. குழந்தைசாமி அண்ணா பல்கலைக்கழகத்தையும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் வழிநடத்திய பின் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் உருவாக்கத்தில் முன்னின்றார். பொறியாளர்களாக இருந்து பல்கலைக்கழகத் தலைமைக்கு வந்த இவ்விருவரும் பரவலையும் மொழியையும் ஒருங்கே எண்ணினர். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனால் அதே காலத்தில் பெருகிவந்த என்பிடெல் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. இவ்விரு முயற்சிகளும் அன்று ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை.

அண்மைக்காலத்தில் என்பிடெல் விரிவுரைகளின் எழுத்துவடிவங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. இப்பணியில் கலைச்சொல் ஒருமையும், பாடம் கற்பித்துப் பழகியோரின் மேற்பார்வையும் இன்றியமையாதவை. சொல்லுக்குச் சொல் பெயர்த்த விரிவுரை, மாணவரை மீண்டும் ஆங்கில மூலத்திற்கே திருப்பியனுப்பும்.

முடிவுரை

எம். எஸ். அனந்தின் பணி வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, அவரது தலைமையின் நிலைத்த விளைவு நிறுவனத்தின் விரிவைவிட, நிறுவனத்திற்கு வெளியே இருப்போர்க்குப் பாடத்தைத் திறந்துவிட்டதில் உள்ளது. பொதுநிதியில் இயங்கும் நிறுவனத்தின் கற்பித்தல் பொதுவுடைமை என்னும் கொள்கை அதனால் நடைமுறை வடிவம் பெற்றது. இரண்டாவதாக, இத்தகைய திட்டம் ஆசிரியர் பற்றாக்குறையைத் தணிக்குமேயன்றி நீக்காது. உள்ளூர்க் கல்லூரிகளின் ஆசிரியர் நியமனத்தைக் குறைப்பதற்கு அதனைக் காரணமாக்குவது திட்டத்தின் நோக்கத்திற்கே முரணானது. மூன்றாவதாக, மொழி தொடக்கத்திலேயே திட்டக்கூறாக எண்ணப்பட வேண்டியது.

கம்பம் பள்ளத்தாக்கின் பொறியியல் மாணவர்கள் இவ்விரிவுரைகளை எவ்வாறு பயன்படுத்துகின்றனர், எந்த இடத்தில் பாடத்தைக் கைவிடுகின்றனர், தமிழ் எழுத்துவடிவம் அவர்களுக்கு எவ்வளவு துணைபுரிகிறது ஆகியவற்றைக் கள ஆய்வின் வழி அறிதல் தேவை. தமிழாய்வுத் துறைகளும் பொறியியல் கல்லூரிகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வு அது.