சிறுநீர் அடைப்பு அறுவை சிகிச்சை முடிந்த பூனை: வீட்டில் முதல் 14 நாட்கள் கவனிக்க வேண்டியவை என்ன?

ஹைதராபாத்: ஆண் பூனைக்குச் சிறுநீர் முற்றிலுமாக அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத நிலையில் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரிடும். அறுவை சிகிச்சை அந்த அடைப்பை நீக்குகிறது; அடைப்புக்குக் காரணமான கோளாறு பல பூனைகளில் அதன் பின்னரும் தொடர்கிறது. எனவே, வீடு திரும்பிய பின் வரும் இரண்டு வாரங்களில் பூனை எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் கழிக்கிறது என்பதைக் குடும்பத்தினர் கணக்கில் வைத்திருப்பது மருந்து கொடுப்பதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

செகந்திராபாத் கன்டோன்மென்ட்டை ஒட்டிய திருமுல்கேரியில் வசிப்பவருக்கு, பி.வி. நரசிம்ம ராவ் தெலங்கானா கால்நடைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ராஜேந்திரநகர் நகரின் மறுமுனையில் இருக்கிறது. நள்ளிரவில் பூனை அவதிப்படும்போது, காலை வரை காத்திருக்கலாமா, உடனே வண்டி பிடிக்க வேண்டுமா என்ற முடிவை வீட்டில் இருப்பவரே எடுக்க வேண்டியுள்ளது. அந்த முடிவுக்கு உதவும் தகவல்களை இத்தொகுப்பில் காணலாம்.

அடைப்பு ஏன் ஏற்படுகிறது?: பூனையின் சிறுநீர்ப்பையில் இருந்து சிறுநீரை வெளியேற்றும் குழாய், ஆண் பூனைகளில் நீளமானது, ஆணுறுப்புப் பகுதியில் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளி போன்ற புரதப் பொருளும் சேர்ந்து உருவாகும் அடைப்பான், சிறு கற்கள், வீக்கம், தசை இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அவ்வழியை அடைக்கக்கூடும். பெண் பூனைகளுக்கு இக்குழாய் அகலமாகவும் நீளம் குறைவாகவும் இருப்பதால் முழு அடைப்பு அரிது.

அடைபட்ட சிறுநீர் பின்னோக்கி அழுத்தம் தருவதால் சிறுநீரகங்களின் செயல்பாடு குறைகிறது. கழிவுப் பொருட்களுடன் பொட்டாசியமும் இரத்தத்தில் உயர்கிறது. அளவு கடந்த பொட்டாசியம் இதயத் துடிப்பைச் சீர்குலைத்து, இறுதியில் நிறுத்திவிடும்.

அறுவை சிகிச்சையில் என்ன செய்யப்படுகிறது?: முதல் முறை அடைப்பு ஏற்படும்போது, பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கதீட்டர் குழாய் வழியாக அடைப்பு நீக்கப்படுகிறது. அடைப்பு மீண்டும் மீண்டும் வந்தாலோ, குழாயை உள்ளே செலுத்த முடியாவிட்டாலோ அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இதில் குறுகலான பகுதி அகற்றப்பட்டு, அதற்கு மேலுள்ள அகலமான குழாய் ஆசனவாய்க்குக் கீழே திறந்து தோலுடன் தைக்கப்படுகிறது. வில்சன், ஹாரிசன் ஆகியோர் 1971-ம் ஆண்டு விவரித்த முறையே இன்றும் இதற்கு அடிப்படையாக உள்ளது. சிறுநீர்ப்பைக்குள் கற்கள் இருந்தால், வயிற்றுப் பகுதியைத் திறந்து அவை எடுக்கப்படும். எந்த வகை அறுவை சிகிச்சை நடந்தது, தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வேண்டுமா என்பதை வீட்டுக்கு அழைத்து வரும்போதே கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம்.

முதல் இரவு: மயக்க மருந்தின் தாக்கம் முழுமையாக நீங்கும் வரை பூனை தள்ளாடும். உயரமான இடங்களில் தாவ முடியாதபடி, கட்டில், அலமாரி இல்லாத சிறிய அறையில் தரையிலேயே படுக்கை அமைக்க வேண்டும். பால்கனி, மொட்டை மாடி ஆகியவற்றுக்கு அனுமதிக்கக் கூடாது. வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் தனியே வைப்பது நல்லது; மருத்துவமனை வாசனையோடு வரும் பூனையை மற்றவை அந்நியமாகக் கருதித் தாக்குவது உண்டு. பூனை நன்கு விழித்து, விழுங்கும் நிலைக்கு வந்த பிறகே நீரும் சிறிதளவு உணவும் தர வேண்டும்.

சிறுநீர்க் கணக்கு எப்படி வைப்பது?: ஒரு நோட்டில் தேதி, நேரம், அளவு, நிறம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். மலம் கழிக்கும் தட்டில் வழக்கமான மணலுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாளைப் போடுவது இக்காலத்தில் சிறந்தது. மணலும் களிமண் துகள்களும் ஈரமான புண்ணில் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தில் அந்தச் சிக்கல் இல்லை. தட்டைப் பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் எடை பார்த்தால் அளவு ஓரளவு துல்லியமாகத் தெரியும். ஒரு கிராம் எடைக் கூடுதலை ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் சிறுநீராகக் கொள்ளலாம்.

முதல் சில நாட்கள் சிறுநீர் இளஞ்சிவப்பாக இருப்பதும், பூனை அடிக்கடி சிறிது சிறிதாகக் கழிப்பதும், சில சொட்டுகள் கசிவதும் எதிர்பார்க்கக் கூடியவையே. சிறுநீர் வருகிறது, அளவு நாளுக்கு நாள் சீராகிறது என்றால் அச்சப்படத் தேவையில்லை. ஆனால் தட்டில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வராத நிலை அவசரநிலையாகும். இதனை மலச்சிக்கல் என்று தவறாகக் கருதி விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கும்போதுதான் பல பூனைகளுக்குச் சிகிச்சை தாமதமாகிறது. வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற முயல்வதும் ஆபத்து. நிரம்பிய சிறுநீர்ப்பை வெடிக்கக்கூடும்.

கழுத்துக் கூம்பும் புண்ணும்: தையல் ஆறும் வரை, பொதுவாக 10 முதல் 14 நாட்கள், கூம்பு வடிவக் கழுத்துப் பட்டை இரவும் பகலும் இருக்க வேண்டும். பூனையின் நாக்கு சொரசொரப்பானது. சில நிமிடங்கள் நக்கினாலே தையல் பிரிந்துவிடும். புண் பிரிந்து ஆறும்போது உருவாகும் தழும்பு, புதிதாக அமைத்த வழியையே சுருக்கி மீண்டும் அடைப்பை உண்டாக்கலாம். பூனை வருந்துகிறதே என்ற இரக்கத்தில் பட்டையைக் கழற்றுவது இவ்வாறு இரண்டாவது அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடக்கூடும். பட்டையோடு உண்ண முடியாவிட்டால், அருகில் அமர்ந்து உணவளித்து, முடிந்ததும் உடனே மாட்டிவிட வேண்டும்.

திறப்பின் மீது படிந்த இரத்தக் கட்டியைத் தேய்த்து எடுக்கக் கூடாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், கிருமிநாசினித் திரவம் ஆகிய எதையும் மருத்துவர் சொல்லாமல் பூசக் கூடாது. பினாயில் போன்ற ஃபீனால் கலந்த தரைத் துடைப்பான்கள் பூனைகளுக்கு நச்சாகும் என்பதால், அந்த அறையில் அவற்றைத் தவிர்க்க வேண்டும். குளிப்பாட்டுவதும் கூடாது.

மனிதர்களின் வலி மாத்திரை கூடவே கூடாது: பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரு மாத்திரையின் சிறு பகுதி கூட இரத்தச் சிவப்பணுக்களைச் சேதப்படுத்தி, உயிரைப் பறிக்கலாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவை ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். கால்நடை மருத்துவர் எழுதித் தந்த மருந்தை, அதே அளவில், அதே நாட்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். பூனை துள்ளத் தொடங்கிவிட்டது என்பதற்காக மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

உணவும் தண்ணீரும்: சிறுநீர் நீர்த்துப் போனால் படிகங்கள் சேர்வது குறையும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு உணவில் உள்ள நீரையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் நீர் தேவை. உலர் உணவில் ஏறத்தாழ 10 சதவீதம் மட்டுமே நீர் உள்ளது. ஈர உணவில் 75 சதவீதத்துக்கும் மேல் உள்ளது. எனவே ஈர உணவுக்கு மாறுவது எளிய வழி. அகலமான கிண்ணங்களில் வீட்டின் பல இடங்களில், உணவுக்கும் மலத் தட்டுக்கும் தள்ளி, தண்ணீர் வைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத் வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டும்போது நீரை அடிக்கடி மாற்றுவது அவசியம்.

தமிழ்க் குடும்பங்களில் பூனைக்குப் பால் சோறும் கருவாடும் வைப்பது வழக்கம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. கருவாட்டில் உப்பும் தாதுக்களும் மிகுதி. இவ்விரண்டையும் நிறுத்துவது நல்லது. சிறுநீர்க் கோளாறுக்கான சிறப்பு உணவையும் கடையில் தாமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஸ்ட்ருவைட் வகைக் கற்களை உணவின் மூலம் கரைக்க முடியும்; கால்சியம் ஆக்சலேட் கற்களை அவ்வாறு கரைக்க முடியாது. எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்பி, அதன் வகைக்கு ஏற்ப உணவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மன அழுத்தமும் ஒரு காரணம்: கல்லோ கிருமியோ இல்லாமலேயே, பதற்றத்தால் சிறுநீர்ப்பை வீங்கும் பூனைகள் ஏராளம். போனாலு ஊர்வல மேளம், தீபாவளி வெடி, வீடு மாற்றம், புதிய விலங்கின் வருகை ஆகியவை இதைத் தூண்டலாம். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, மாறாத உணவு நேரம், பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலான மலத் தட்டுகள் ஆகியவை பெரிதும் உதவும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்:

* முக்கியும் சிறுநீர் வராமை, அல்லது 12 மணி நேரமாகச் சிறுநீரே கழிக்காமை

* தொடர்ந்து சொட்டும் இரத்தம், இரத்தக் கட்டிகள்

* தையல் பிரிதல், வீக்கம், சீழ், துர்நாற்றம்

* தொடர் வாந்தி, சோர்ந்து கிடத்தல், உடல் குளிர்ந்துபோதல்

* 24 மணி நேரம் எதுவும் உண்ணாமை. குறிப்பாகப் பருமனான பூனைகளில், பட்டினி நீடித்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து பாதிப்பு ஏற்படும்

இரவிலும் இயங்கும் கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். சென்னையில் இருப்பவர்கள், 1903-ம் ஆண்டு தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம்.

மறுபரிசோதனை ஏன் அவசியம்?: புண் ஆறியதும் கவனிப்பு முடிந்துவிடுவதில்லை. சிறுநீர் வழி அகலமாக்கப்பட்ட பூனைகளுக்குக் கிருமித் தொற்று எளிதில் ஏற்படும் என்பதால், மருத்துவர் குறிப்பிடும் நாட்களில் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். கல் எடுக்கப்பட்ட பூனைக்கு எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் தேவைப்படலாம். அப்போது வீட்டில் எழுதிய சிறுநீர்க் கணக்கு நோட்டை உடன் எடுத்துச் செல்வது, பூனை சொல்ல இயலாததை மருத்துவர் அறிந்துகொள்ள உதவும்.