கல்பாசியும் ஒட்டகமும்

கல்பாசி என்பது பூஞ்சையும் பச்சைப்பாசியும் கூடிவாழும் லைக்கன். வேலூர் லாங் பஜார் மளிகைக் கடைகளில் பிரியாணி மசாலாவுக்கு விற்பது பெரும்பாலும் பார்மோட்ரீமா பேரினத்தைச் சேர்ந்தது. பாலைவனப் பாலூட்டியான ஒட்டகத்தோடு இதை ஒப்பிட இடம் தருவது வறட்சி. ஒட்டகம் உடல் எடையில் கால் பங்களவு நீரிழந்தும் உயிர்தரிக்கும். செறிந்த சிறுநீராலும் ஏறியிறங்கும் உடல்வெப்பத்தாலும் எஞ்சியதைக் காக்கும். கல்பாசி நீரைக் காப்பதேயில்லை: காய்ந்து, உயிர்ச்செயல்களை ஏறத்தாழ நிறுத்தி, ஈரம் பட்டதும் மீள்கிறது.

இவ்வளவு தாங்கும் உயிர் எளிதில் அழியாது என்று தோன்றலாம். ஆனால் காய்ந்திருக்கும் காலமெல்லாம் வளர்ச்சியற்ற காலம். பல லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. கல்பாசியோ பயிரிடப்படாமல் காட்டு மரங்களிலும் பாறைகளிலும் உரித்தெடுக்கப்படுகிறது. கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறதே என்பது வலுவான மறுப்பன்று. சந்தை வரத்து உரித்த அளவைக் காட்டுமே தவிர, எஞ்சிய அளவையன்று. ஒரே மூட்டையில் பல இனங்கள் கலந்திருப்பதால் எது அருகுகிறது என்பதும் மறைகிறது. ஒட்டகத்தின் சரிவோ மறையவில்லை: இந்தியாவில் 2012இல் சுமார் 4 லட்சம், 2019இல் 2.5 லட்சம் எனக் கணக்கெடுப்பில் தெரிந்தது. ராஜஸ்தான் 2014இல் அதை மாநில விலங்காக்கி, 2015இல் காப்புச் சட்டம் இயற்றியது. லைக்கனுக்கும் சட்டக் காப்பு இயலும்: புளோரிடாவின் கிளாடோனியா பெர்ஃபொராட்டாவை அமெரிக்கா 1993இல் அழிநிலைப் பட்டியலில் சேர்த்தது.